பழைய பிக்கப்பின் பாடி இடைவெளிகளைச் சரிசெய்வது எப்படி? சென்னையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய பிக்கப்பை எடுத்துப் புதுப்பிக்க இறங்குபவர்கள் பெரும்பாலும் இன்ஜினைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். இன்ஜின் வேலைக்குச் சென்னையில் ஆளுக்கும் பஞ்சமில்லை, சாமானுக்கும் பஞ்சமில்லை. உயிரை வாங்குவது கதவு. ஒரு பக்கம் விரல் நுழையும், இன்னொரு பக்கம் காகிதம்கூட நுழையாது. பானெட்டை மூடினால் ஒரு மூலை தூக்கி நிற்கும். பெயிண்ட் அடித்த பிறகுதான் இதெல்லாம் பளிச்சென்று கண்ணில் படும்.

இந்த வேலையில் நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். டாடா 207, மஹிந்திரா பிக்கப் மாதிரி, அடிச்சட்டமான சேஸ் தனியாகவும் கேபின் தனியாகவும் போல்ட் போட்டு நிற்கும் வண்டிகளுக்கு இது பொருந்தும். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: இடைவெளி கோணலாகத் தெரிவது கதவில், கோணல் பிறப்பது கீழே. அதனால் வேலை கீழிருந்து மேலே போகவேண்டும், கேபினிலிருந்து முன்னே போகவேண்டும். பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி கடைசியில்தான்.

1. வண்டியைத் தொடும் முன் காகிதங்கள்

பிக்கப் பெரும்பாலும் சரக்கு வாகனமாக, மஞ்சள் போர்டில்தான் பதிவாகியிருக்கும். எட்டு வயது தாண்டிய சரக்கு வாகனத்துக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டவேண்டும். உங்கள் வண்டியின் எஃப்.சி. எப்போது முடிகிறது என்று பார்த்து, அதற்கேற்ப வேலையைத் தொடங்குங்கள். எஃப்.சி. முடிந்த வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம்.

வெள்ளை போர்டு வண்டி என்றால் பதிவு 15 வருஷம் செல்லும், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 வயது தாண்டிய இலகுரக வண்டிக்கு இந்தக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வயது தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். காலம் கடந்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடிக்கொண்டே போகும். ஷெட்டில் வருஷக்கணக்கில் கிடந்த வண்டியை ‘சும்மா கொடுக்கிறாங்க’ என்று வாங்குபவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கவேண்டும்.

மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பழைய புத்தக ஆர்.சி. வண்டிகள் சிலவற்றின் விவரமே கணினியில் ஏறியிருக்காது. அப்படியென்றால் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய் ஏற்றவேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். கடன் எப்போதோ முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் பைனான்ஸ்காரர் பெயர் அப்படியே இருக்கும். அதை நீக்கப் படிவம் 35 வேண்டும், பெயர் மாற்றப் படிவம் 29, 30 வேண்டும். தகட்டில் கைவைக்கும் முன் இவற்றை முடித்துவிடுங்கள். வண்டியைப் பிரித்துப் போட்ட பிறகு ‘இன்ஸ்பெக்டருக்கு வண்டியைக் காட்டுங்க’ என்று சொன்னால் எதைக் காட்டுவது?

நிறமும் ஆர்.சி.யில் இருக்கும். வெள்ளை வண்டிக்குப் பச்சை அடிக்க ஆசைப்பட்டால் அதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். தொட்டியின் நீளம், உயரத்தை இஷ்டத்துக்கு மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கீழ் வரும் விவகாரம், அந்தப் பக்கமே போகாதீர்கள். 50 வயது தாண்டிய சொந்த உபயோக வண்டியென்றால் 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அதற்கு வண்டி அசல் வடிவத்திலேயே இருக்கவேண்டும் என்பதால், பாடியில் பெரிதாக வெட்டி ஒட்டும் திட்டம் இருந்தால் அந்த வழி அடைபடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சேஸ் நம்பர். துரு எடுப்பவர் கிரைண்டரை ஒரு ஓட்டு ஓட்டினால் போதும், எண் மங்கிவிடும். அப்புறம் அது திருட்டு வண்டி இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். முதல் நாளே வயர் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் நாலைந்து எடுத்து வையுங்கள். எண் இருக்கும் இடத்தில் கிரீஸ் தடவி, மேலே டேப் ஒட்டி, சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டு, பட்டறையில் வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

2. ஆளும் இடமும் கூலியும்

தகடு வேலை செய்யும் நல்ல டிங்கரைத் தேடுவதைவிடச் சமமான தரையைத் தேடுவது கஷ்டம். சென்னையில் பல பட்டறைகள் ரோட்டோரத்தில், சாய்ந்த மண் தரையில்தான் ஓடுகின்றன. ஒடுக்கு எடுக்க அந்த இடம் போதும், இடைவெளி சரிசெய்யப் போதாது. சிமென்ட் தரை, மேலே கூரை, வண்டி மாதக்கணக்கில் நிற்க அனுமதி, இந்த மூன்றும் இருக்கும் இடமாகப் பாருங்கள். அம்பத்தூர், பாடி பக்கம் ஷெட் உள்ள பட்டறைகள் கிடைக்கும். நகருக்குள் இடவாடகையே கூலியைத் தின்றுவிடும்.

கூலி பேசும்போது இரண்டாகப் பிரித்துப் பேசுங்கள். இடைவெளி சரிசெய்யும் வேலைக்கு நாள் கூலி, பெயிண்டுக்கு மொத்தத் தொகை. எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாகப் பேசினால் டிங்கருக்கு அவசரம் வந்துவிடும், அவசரம் வந்தால் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை, வந்துவிடும். ஒரு பட்டறையில் என்னிடம் சொன்னது இதுதான்: “விடுங்க சார், பட்டி வச்சு இழுத்துக்கலாம். பெயிண்ட் ஏறினா யாருக்குத் தெரியும்?” கதவு விளிம்பில் வைத்த பட்டி, கதவை நாலு தடவை அடித்துச் சாத்தினால் சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும். உள்ளே புகுந்த தண்ணீர் அடுத்த மழைக்காலத்துக்குள் துருவாக வெளியே வரும். சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கே தகட்டில் ஒட்டாமல் வழுக்குகிறதோ அங்கே பட்டி கனம். வேலை நடக்கும்போதே வைத்துப் பார்த்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் ஆளை மாற்றுங்கள்.

நான் விசாரித்த வரையில் கைதேர்ந்த டிங்கர் நாளுக்கு 1,200 முதல் 1,800 ரூபாய் வரை கேட்கிறார், உதவியாள் தனி. அளவெடுப்பு தொடங்கி எல்லாத் தகடும் உட்காரும் வரை ஒரு பிக்கப்புக்கு மூன்று நான்கு வாரம் ஒதுக்குங்கள். அடிப்பகுதி துருப்பிடித்திருந்தால் இரண்டு மாதம். ‘பத்து நாள்ல முடிச்சுடலாம்’ என்று சொல்பவர் வண்டிக்கு அடியில் இன்னும் குனிந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கதவு, ஃபெண்டர் (முன்சக்கரத்தை மூடும் தகடு) தேவைப்பட்டால் முதலில் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகள். பழைய அசல் கதவு, லேசான ஒடுக்கோடு இருந்தாலும், புதிதாக அடித்த லோக்கல் தகட்டைவிட மேல். லோக்கல் தகட்டில் துளைகள் இடம் மாறியிருக்கும், விளிம்பு மடிப்பு கூர்மையாக இருக்காது, வாங்கிய விலைக்கு மேல் அதைச் சரிசெய்யச் செலவாகும். போகும்போது உங்கள் கதவின் பின்விளிம்பு வளைவை அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் இருக்கும் கதவின் மேல் அட்டையை வைத்தால் பொருந்துகிறதா இல்லையா என்று உடனே தெரியும். கதவின் அடி மடிப்பைத் திருகுளியால் குத்திப் பாருங்கள், ஓசை மந்தமாக இருந்தால் உள்ளே துரு. காலையில் போங்கள், வெளிச்சத்தில் பாருங்கள், ‘பொருந்தலைன்னா மாத்தித் தரணும்’ என்று பேசிவிட்டுப் பணம் கொடுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள், கையெழுத்துப் பில்லாக இருந்தாலும் பரவாயில்லை. பழைய சாமானுக்குப் பில் எதற்கு என்று கேட்பார்கள். திருட்டு வண்டியைப் பிரித்த சாமான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் உங்களிடம் இருக்கப்போவது அந்தத் துண்டுச் சீட்டு மட்டும்தான். ரப்பர், பீடிங் (கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டை), கிளிப் மாதிரிப் புதுச் சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு.

3. சேஸை அளந்து பாருங்கள்

நாலு டயரிலும் ஒரே அளவு காற்று. வண்டி அதன் சக்கரத்தில் நிற்கட்டும், தூக்கவேண்டுமென்றால் ஸ்டாண்டை ஆக்ஸிலுக்கு அடியில் கொடுங்கள். சேஸின் நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி வைத்துக்கொண்டு எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. சேஸ் வளையும், வளைந்த நிலையில் கதவைச் சரிசெய்துவிட்டு வண்டியை இறக்கினால் எல்லாம் மாறிப்போகும்.

மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணி டியூப் போதும். இடது, வலது சேஸில் ஒரே மாதிரி துளைகளைப் பிடித்து, முன்னும் பின்னும் நாலு இடத்தில் பாருங்கள். ஸ்பிரிங் பட்டை ஒரு பக்கம் அமர்ந்திருந்தாலும் வண்டி சாய்ந்து நிற்கும், அதைச் சேஸ் கோணல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டி மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்பிரிங். முன்பக்கம் ஒரு திசையும் பின்பக்கம் வேறு திசையும் சாய்ந்தால் சேஸ் முறுக்கியிருக்கிறது.

அடுத்தது கிராஸ் அளவு. அதே துளைகளிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் குண்டின் நுனி தொடும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். நாலு மூலைக்கும் வைத்ததும் வண்டியைத் தள்ளி அப்பால் நிறுத்துங்கள். இப்போது தரையில் சேஸின் படம் கிடைத்துவிட்டது, குனிந்து நெளியாமல் டேப் பிடித்து மூலைக்கு மூலை அளக்கலாம். இரண்டு கிராஸ் அளவுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதியாக மேலே போகலாம். 6 மி.மீ.யைத் தாண்டினால் சேஸ் பெண்டெடுக்கும் இடத்துக்குத்தான் முதலில் அனுப்பவேண்டும், அதைச் செய்யாமல் கதவில் எவ்வளவு செலவழித்தாலும் வீண்.

4. கேபின் ரப்பர்கள்

கேபின் சேஸின் மேல் ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கிறது. கால் தேய்ந்த கட்டிலைப் போல, ஒரு மூலை ரப்பர் நசுங்கினாலும் கேபின் முறுக்கிக்கொள்ளும். ஒரு கதவு ஒழுங்காக மூடி, மறுபக்கக் கதவு மட்டும் தகராறு செய்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எல்லா ரப்பரையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள். இரண்டு புதுசு, இரண்டு பழசு என்று போட்டால் கோணலை நீங்களே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். பழையதைக் கழற்றும்போது அதனோடு இருந்த ஷிம்களை (உயரம் சரிசெய்ய இடையில் செருகும் மெல்லிய தகடுகள்) குப்பையில் போடாதீர்கள். எந்த மூலையில் எத்தனை இருந்தது என்று டேப்பில் எழுதிப் பையில் போட்டு வையுங்கள். கம்பெனியில் வண்டி கட்டியபோது கேபினை மட்டத்துக்குக் கொண்டுவர வைத்தவை அவை.

இன்ஜின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் வண்டியில் இருக்கும்போதுதான் கடைசி அளவு எடுக்கவேண்டும். இன்ஜின் வெளியே மராமத்தில் இருந்தால் அதன் எடைக்கு மணல் மூட்டையாவது ஏற்றுங்கள். கனம் ஏறியதும் சேஸ் கொஞ்சம் இறங்கும், அந்தக் கொஞ்சம் கதவின் மேல் மூலையில் மில்லிமீட்டர் கணக்கில் தெரியும்.

கதவு மூடியிருக்கும்போது அதன் பின்விளிம்பைக் கவனியுங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் கேபினின் முன்பகுதி அமர்ந்திருக்கலாம். முன்பக்க ரப்பரில் ஒரு ஷிம் சேர்த்தால் மேல் இடைவெளி குறையும். கீழே அகலமாக இருந்தால் முன்பக்க ஷிம்மை எடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு ஷிம், அதுவும் ஒரே மூலையில். போல்ட்டை இறுக்கி, கதவைத் திறந்து மூடிப் பார்த்த பிறகு அடுத்தது.

கேபின் தரையோ கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடோ துருப்பிடித்து வெட்டியெடுக்க வேண்டியிருந்தால், வெட்டும் முன் கதவு வாசலுக்குள் ஸ்கொயர் டியூப்பை நீளவாக்கிலும் மூலைவாக்கிலும் வைத்து வெல்டு அடித்துவிடுங்கள். வெட்டியதும் கேபின் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புதுத் தகடு வைத்துவிட்டால் அப்புறம் எந்த ஷிம்மும் காப்பாற்றாது. புதுத் தகட்டை முதலில் டாக் (அங்கங்கே சின்னப் பொட்டு வெல்டு) மட்டும் அடித்து, கதவை மாட்டி மூடிப் பார்த்த பிறகே முழு வெல்டிங். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், எரிபொருள் டேங்கை இறக்கிவிடுங்கள்.

5. கதவு

மொத்த நாளில் பாதி இங்கேதான் போகும், போகட்டும்.

முதலில் கீல். கதவைப் பாதி திறந்து பூட்டுப் பக்க நுனியைக் கையால் தூக்கிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் கீலின் ஆணியும் புஷ்ஷும் தேய்ந்திருக்கிறது. புதுசு கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் துளையைச் சுத்தம் செய்து, அதற்கேற்பக் கொஞ்சம் தடித்த ஆணி கடைந்து வாங்கலாம். கீல் ஆடும்போது கதவைச் சரிசெய்வது வெட்டி வேலை.

அடுத்து, கதவு வாசலின் தூணில் இருக்கும் பூட்டுக் கொக்கியைக் கழற்றிவிடுங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. கொக்கி இருக்கும்போது அது கதவைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொள்ளும், கதவு உண்மையில் எங்கே தொங்குகிறது என்பதே தெரியாது. பீடிங்கையும் உரித்துவிடுங்கள். கதவுக்குள் கண்ணாடியும் கண்ணாடி ஏற்றும் மெஷினும் இருக்கட்டும், கதவு எந்த எடையோடு ஓடப்போகிறதோ அந்த எடையில்தான் தொங்கவேண்டும்.

அளவுகோலுக்குச் சந்தையில் விசேஷக் கருவி தேடவேண்டாம். 4, 5, 6 மி.மீ. டிரில் பிட்டுகளின் மழமழப்பான பின்பக்கம் போதும். இடைவெளி எல்லா இடத்திலும் 4 போகவேண்டும், 6 போகக்கூடாது. கீழ்ப்பக்கம் மட்டும் 7 வரை விடலாம், யாரும் படுத்துப் பார்க்கப்போவதில்லை. ஒவ்வொரு விரற்கடைக்கும் பிட்டை நுழைத்து, எது போகிறதோ அந்த எண்ணைப் பக்கத்தில் ஒட்டிய டேப்பில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு சுற்று முடிந்ததும் இரண்டு எட்டு பின்னால் போய் நின்று பாருங்கள், கோணல் எந்தத் திசையில் என்று எண்களே சொல்லிவிடும். இன்னும் ஒன்று: பெயிண்ட் ஏறினால் இரண்டு விளிம்பிலும் சேர்த்துக் கால் மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி குறையும். இரும்பில் 4 இறுக்கமாக இருந்தால் பெயிண்டுக்குப் பிறகு உரசும்.

கதவின் பின்நுனி தாழ்ந்திருக்கிறது, கீலில் ஆட்டமில்லை என்றால், தூணில் உட்காரும் கீழ்க் கீலுக்குப் பின்னால் ஷிம் கொடுங்கள். கணக்கு எளிது. இரண்டு கீலுக்கும் இடையே 40 செ.மீ., கதவின் அகலம் 1 மீட்டர் என்றால், கீழே 1 மி.மீ. ஷிம் கொடுத்தால் பின்நுனி 2.5 மி.மீ. ஏறும். அதனால் தடித்த வாஷரை எடுத்துச் செருகாதீர்கள், அரை மில்லிமீட்டர் தகட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டைத் தளர்த்தும் முன் கீலைச் சுற்றிக் கூரான ஆணியால் கோடு கிழித்துவிடுங்கள், எவ்வளவு நகர்ந்தது என்று தெரியவேண்டும். ஜாக்கியின் தலையில் மரக்கட்டையும் பழைய துணியும் வைத்துக் கதவின் பின்நுனியைத் தாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சமயத்தில் ஒரு கீல் மட்டும். இரண்டையும் தளர்த்தினால் கதவு எங்கே நின்றது என்ற நினைவே போய்விடும்.

இனி உள்ளே வெளியே. கதவின் முன்விளிம்பு, ஃபெண்டரின் விளிம்பைவிட மயிரிழை உள்ளே இருக்கலாம், வெளியே நீட்டக்கூடாது. நீட்டினால் ஓடும்போது காற்று அதில் மோதி விசில் அடிக்கும். கேபினின் பின்மூலைக்கும் கதவுக்கும் அதே விதி, பின்னால் இருக்கும் தகடு முன்னதைவிட நீட்டக்கூடாது. கதவின் மேல்பகுதி ஒட்டி உட்கார்ந்து, அடிப்பகுதி மட்டும் வெளியே நீட்டினால் கதவே முறுக்கியிருக்கிறது. கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, மேல் மூலையில் கதவுக்கும் தூணுக்கும் நடுவே மரக்கட்டை வைத்து, அடியில் முழங்காலால் நிதானமாக அழுத்துங்கள். பழைய வண்டித் தகடு தாங்கும். கொஞ்சம் அழுத்தி, கட்டையை எடுத்து, மூடிப் பார்த்து, மறுபடி. பார்க்கக் காட்டுமிராண்டித்தனமாக இருக்கும், ஆனால் கம்பெனியிலும் ஏறக்குறைய இதே வழக்கம்தான்.

எல்லாம் சரியாகி ஒரே ஓரத்தில் மட்டும் 8, 9 மி.மீ. இடைவெளி மிச்சம் நின்றால், விளிம்போடு மெல்லிய கம்பியை வெல்டு வைத்து அரத்தால் தேய்த்து இறக்குவது முறை. சி.ஓ.2 வெல்டிங்காக இருக்கட்டும். கேஸ் வெல்டிங்கின் சூட்டில் மெல்லிய தகடு அலையலையாக நெளியும். அதிலும் வரிசையாக ஓட்டாமல் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று வைத்து, நடுவில் ஆறவிடவேண்டும்.

பிறகு பீடிங், பிறகு கொக்கி. புதுப் பீடிங் விறைப்பாக இருக்கும், கதவை இரண்டு மூன்று மி.மீ. வெளியே தள்ளும். சில வாரத்தில் அமர்ந்துவிடும். அதற்காகக் கொக்கியை உள்ளே தள்ளி வைத்தால், பீடிங் அமர்ந்த பிறகு கதவு உள்ளே குழிந்து நிற்கும். கொக்கி சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்கக் கதவை மெதுவாக மூடுங்கள். கடைசி ஓர் அங்குலத்தில் கதவு மேலே ஏறினாலோ கீழே இறங்கினாலோ மாற்றவேண்டியது கொக்கியை, கீலை அல்ல.

6. ஃபெண்டர், பானெட்

கதவு நின்ற பிறகுதான் ஃபெண்டர். எல்லா போல்ட்டையும் விரலால் திருகும் அளவுக்கு மட்டும் மாட்டி, கதவோரம் மேல் போல்ட்டை முதலில் இறுக்குங்கள், பிறகு கதவோரம் கீழ் போல்ட், முன்பக்கம் கடைசி. கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே மேலே அகலம், கீழே குறுகல் என்றால் பிரச்சினை முன்னால் ரேடியேட்டர் தாங்கும் சட்டத்தில். அதன் கீழே ஷிம் சேர்த்து ஃபெண்டரின் முன்பக்கத்தை உயர்த்தினால், பின்பக்க மேல்மூலை கதவை நோக்கிச் சாயும், இடைவெளி நேராகும். மேலே குறுகலாக இருந்தால் ஷிம்மை எடுங்கள்.

பானெட்டை இரண்டு ஃபெண்டருக்கும் நடுவில் உட்காரவைத்துக் கீலை இறுக்குங்கள். மூலை உயரத்தை ரப்பர் புஷ்களைத் திருகிச் சரிசெய்யலாம். லாக்கை மாட்டியதும் முதல் தடவை படாரென்று மூடாதீர்கள். லாக் கொண்டி கொஞ்சம் இடம் மாறியிருந்தால் பூட்டிக்கொள்ளும், கேபிள் இழுத்தாலும் திறக்காது, கடைசியில் கிரில்லை உடைத்துத்தான் திறக்கவேண்டும். லாக் நெம்புகோலில் ஒரு கட்டுக் கம்பியைக் கட்டி அடியில் தொங்கவிட்டுவிட்டு மூடிப் பாருங்கள்.

7. தொட்டி

கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே 20, 25 மி.மீ. கட்டாயம் விடுங்கள். அழகுக்காக ஒட்டி வைத்தால் முதல் வேகத்தடையிலேயே சேஸ் நெளிந்து தொட்டி கேபினை இடிக்கும். தொட்டி உட்காரும் கட்டையும் ரப்பர் பட்டையும் எல்லா இடத்திலும் ஒரே கனம் இருக்கட்டும். மேல்விளிம்பில் கிராஸ் அளவு எடுத்துச் சதுரமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே போல்ட்டை இறுக்குங்கள், இல்லாவிட்டால் பின்கதவு ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் ஆடும்.

8. கழற்றும் முன் ஒரு துளை

எல்லாம் பொருந்தியதும் பெயிண்டுக்காக மறுபடி கழற்றவேண்டும். இங்கேதான் பலருடைய உழைப்பு வீணாகிறது. இறுக்கிய நிலையிலேயே ஒவ்வொரு கீல் தகட்டின் வழியாகவும் தூணுக்குள் போகும்படி 3 மி.மீ. துளை இரண்டு போட்டுவிடுங்கள். திரும்ப மாட்டும்போது அதே 3 மி.மீ. பிட்டை இரண்டு துளையிலும் குத்தி நிறுத்தி, போல்ட்டை இறுக்கினால் கதவு பழைய இடத்திலேயே வந்து நிற்கும். ஃபெண்டருக்கும் பானெட்டுக்கும் இதே வழி. ஷிம்களை மூலைவாரியாகப் பெயரெழுதிப் பைகளில் கட்டி வையுங்கள். பெயிண்டருக்கு ஷிம் என்றால் கீழே கிடக்கும் துண்டுத் தகடு, பெருக்கித் தள்ளிவிடுவார்.

9. பெயிண்டும் பருவமும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இழுக்கும். அந்த மாதங்களில் தகட்டைத் திறந்து போட்டால் ராத்திரிக்குள் செம்பழுப்பு பூத்துவிடும். ஈரக்காற்றில், சீக்கிரம் காயும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தால் வெளுத்துப் போகும். பொங்கல் முடிந்து வேலையைத் தொடங்கி, ஏப்ரலுக்குள் பெயிண்டை முடிப்பதாகத் திட்டமிடுங்கள். திருவான்மியூர், எண்ணூர் மாதிரிக் கடலோரப் பட்டறை என்றால் எந்த மாதமானாலும் தேய்த்த தகட்டுக்கு அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் ஏறவேண்டும்.

அளவு பார்ப்பது காலையில். ஒரு பக்கத்தில் மட்டும் வெயில் அடிக்கும் மத்தியானத்தில் 1 மீட்டர் கதவு 30 டிகிரி கூடச் சூடானால் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். நீங்கள் துரத்திக்கொண்டிருப்பதே அரை மில்லிமீட்டர்தான்.

கதவு விளிம்பு, உள்மடிப்பு, தூண் இவற்றுக்கு முதலில் தனியாகப் பெயிண்ட். பிறகு மாட்டி, இடைவெளியைச் சரிபார்த்து, வெளிப்பக்கம். ஒற்றை நிறத்துக்குத் தகடுகளைத் தனித்தனியாக அடித்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். மெட்டாலிக் என்றால் எல்லாம் வண்டியில் மாட்டியிருக்கும்போது ஒரே மூச்சில் அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் கதவு ஒரு நிறம், ஃபெண்டர் ஒரு நிறமாகத் தெரியும்.

10. செலவும் எஃப்.சி.யும்

பெயிண்டைச் சேர்க்காமல், கூலி, ரப்பர் செட், பீடிங், கீல் வேலை, ஒரு பழைய கதவு, ஷிம் தகடு எல்லாம் சேர்த்து 60,000 முதல் 90,000 ரூபாய் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். தரைத் தகடு மாற்றவேண்டியிருந்தால் அதற்கு மேல். முன்பணமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதியை நாளைக் கணக்குப் பண்ணாமல் கட்டங்களாகப் பிரித்துக் கொடுங்கள்: கேபின் நின்றதும் கொஞ்சம், கதவு நின்றதும் கொஞ்சம், தொட்டி ஏறியதும் கொஞ்சம். நாள் கூலிக்காரரிடமும் இப்படிப் பேசலாம், வாரக் கூலியில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்துக் கட்டம் முடிந்ததும் கொடுத்தால் ஒத்துக்கொள்கிறார்கள்.

பெயிண்ட் காய்ந்த மறுநாளே எஃப்.சி.க்குத் தேதி எடுக்காதீர்கள். 200, 300 கிலோமீட்டர் ஓட்டினால் கேபின் ரப்பர் அமரும். அப்போது கேபின் போல்ட்டை முதலில் இறுக்கி, பிறகு டிரில் பிட்டை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். எஃப்.சி. காலாவதியான வண்டியென்றால் இந்த ஓட்டத்தை எஃப்.சி.க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். போகும் அன்று இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி ரசீது, பின்னால் ஒட்டவேண்டிய ரிஃப்ளெக்டர் டேப் எல்லாம் தயாராக இருக்கட்டும். சேஸ் நம்பர் மேல் ஏறியிருக்கும் புதுப் பெயிண்டைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து எண்ணைத் தெளிவாக்கிக்கொண்டு கிளம்புங்கள், பென்சில் பிரிண்ட்டை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.